பழைய டிராக்டரும் அதன் பாகப் புஸ்தகமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கரிசற் பூமியில் விதைப்புக்கு ஏற்ற ஈரம் நெடுநாள் நிற்பதில்லை என்பதைக் கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கப்படும் அந்தச் சில நாட்களில் டிராக்டர் ஒன்று பட்டறையில் இரண்டாகப் பிரிந்து கிடக்குமாயின், அதனால் வரும் நஷ்டம் ரிப்பேர்ச் செலவோடு நிற்பதன்று. நிலம் தரிசாய்க் கிடக்கும்; விதைக்கும் உரத்துக்கும் சங்கத்தில் வாங்கிய கடனோ அதுபாட்டுக்கு வளரும். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து நஞ்சையில் சேற்றுழவு தவறினால் நாற்று முற்றிவிடும்.

இவ்வாறு முடங்கும் பழைய டிராக்டர்கள் எல்லாம் இரும்பு தேய்ந்து ஓய்ந்துபோனவை என்று எண்ணுதல் தவறு. பொருந்தாத பாகத்தை வாங்கிப் பூட்டியதனால் கெட்டவையும், பொருந்தும் பாகம் இன்னதென்று அறியாமையால் காத்துக் கிடப்பவையும் அவற்றுள் பல. மெக்கானிக்குகளின் கைத்திறமையைக் குறைத்துப் பேசுவது இங்கு நோக்கமன்று. காதால் கேட்டே என்ஜினின் நோயைச் சொல்லும் நிபுணர்கள் கிராமப் பட்டறைகளில் உண்டு. ஆயினும் நோயை அறிவது வேறு. மருந்தைச் சரியான பெயர் சொல்லி வாங்குவது வேறு. அந்த இரண்டாவது காரியத்துக்கு உதவுவது, டிராக்டரோடு வந்து பெரும்பாலும் அலமாரியின் அடியிலோ பழைய காகிதக் கடையிலோ போய்ச் சேர்ந்துவிடும் பாகப் புஸ்தகமாகும்.

டிராக்டர் செய்யும் கம்பெனியார் வெளியிடும் புஸ்தகங்கள் மூவகைப்படும். ஓட்டுபவருக்கு உரியது ஒன்று. எண்ணெய் எப்பொழுது மாற்றுவது, கிரீஸ் எங்கே இடுவது என்பன அதிலிருக்கும். இரண்டாவது பட்டறைப் புஸ்தகம். பிரிக்கும் முறை, கூட்டும் முறை, இடைவெளி அளவுகள், நட்டுகளை முடுக்கும் பலம் ஆகியவை அதன் விஷயங்கள். மூன்றாவதே பாகப் புஸ்தகம். வாசிப்பதற்கு இதைப்போல் சுவையற்ற புஸ்தகம் மற்றொன்று இராது. போதனை ஒரு வரியும் இல்லை. படமும் எண்ணும் மட்டுமே உண்டு. ஆனால் அந்தப் படத்தைச் சற்று உற்றுப் பார்த்தல் வேண்டும். கியர்ப் பெட்டியிலுள்ள பல்சக்கரம், தண்டு, வாஷர், பின் ஆகிய யாவற்றையும், பூட்டும் வரிசை சிறிதும் குலையாமல் ஆகாயத்தில் நிறுத்திவைத்தாற்போல் அது வரையப்பட்டிருக்கும். எந்த வாஷர் எதற்கு முன், எந்த சீலின் உதடு எந்தப் பக்கம் என்ற ஐயங்கள் அந்த ஒரு பக்கத்தில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் ஒரு சிற்றெண். எதிர்ப்பக்கத்து அட்டவணையில் அந்தச் சிற்றெண்ணுக்கு நேரே கம்பெனியாரின் பாக எண், பெயர், ஒரு வண்டிக்கு எத்தனை வேண்டும் என்ற தொகை.

பெயரைக் காட்டிலும் எண் நம்பத்தக்கது என்பது இக்கரைக்குப் புதிய செய்தியன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு 1961-ம் வருஷத்தோடு நின்றுவிட்டது. அது நடைபெற்ற காலங்களில் முத்துக்களைத் தரம் பிரிப்பதற்குத் துளையிட்ட பித்தளைத் தட்டுகள் பத்து வைத்திருப்பார்கள். முதற் தட்டில் 20 துளைகள். கடைசித் தட்டில் 1000. துளைகளின் தொகை ஏற ஏற அவற்றின் அளவு சிறுக்கும். முத்து எந்த எண்ணுள்ள தட்டில் தங்கியதோ அதுவே அதன் பருமனுக்கு அடையாளம். "பெரியது", "நடுத்தரம்" என்று வாயால் சொல்லி வியாபாரம் முடிப்பதில்லை. இன்று வ.உ. சிதம்பரனார் துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களிலும் என்ஜினியர்கள் உதிரிப் பாகம் கேட்டு எழுதும்போது, என்ஜினின் மாதிரி, அதன் வரிசை எண், படத்தின் எண், பாகத்தின் எண் ஆகியவற்றைக் குறித்தே எழுதுகிறார்கள்.

கிராமத்தில் நடப்பதோ வேறு. தேய்ந்த பாகத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், "இதைப்போல ஒன்று" என்று கேட்பது வழக்கமாயிருக்கிறது. இதில் இரண்டு ஆபத்துக்கள் உண்டு. தேய்ந்த பாகத்தை அளந்தால் தேய்ந்த அளவே கிடைக்கும் என்பது ஒன்று. அதனினும் பெரிது இரண்டாவது: கையிலிருக்கும் அந்தப் பாகமே பத்து வருஷங்களுக்கு முன் யாரோ தவறாகப் பூட்டியதாயிருக்கக் கூடும். அப்பொழுது பழைய பிழை மாதிரியாகிப் புதிய பிழையைப் பெற்றெடுக்கிறது. கிளட்ச் பிளேட்டை உதாரணமாகக் கொள்க. பெயர் ஒன்றேயானாலும் விட்டமும், நடுவிலுள்ள பற்களின் தொகையும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். மாஸி பெர்கூஸன் போன்ற டிராக்டரில் அதை மாற்றுவதற்கு என்ஜினைக் கியர்ப் பெட்டியினின்றும் பிரித்து, வண்டியையே இரு கூறாக்க வேண்டும். தவறான பிளேட் என்பது பூட்டியபின் தெரிந்தால், கூலியும் நாளும் மறுபடியும் முதலிலிருந்து.

இம்மாகாணத்தில் பழைய டிராக்டர் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது மாஸி பெர்கூஸன். அதன் வமிசத்தை அறிந்துகொள்வது புஸ்தகம் தேடுவோருக்குப் பிரயோஜனமானது. ஹாரி பெர்கூஸன் என்பார் அமைத்த டிஇ-20 என்னும் சிறு டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரில் ஐந்து லக்ஷத்துக்கு மேற்பட்டுச் செய்யப்பட்டது. கலப்பையை டிராக்டரின் பின்னால் மூன்று புள்ளிகளில் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறை அதனாலேயே உலகெங்கும் பரவியது. 1953-ல் அவருடைய கம்பெனி மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு இணைந்தது. 1958-ல் மாஸி-பெர்கூஸன் என்ற பெயர் நிலைத்தது. மறு வருஷம் பெர்கின்ஸ் டீஸல் என்ஜின் கம்பெனியும் அவர்கள் வசமாயிற்று. சென்னையிலோ 1840-ல் கோச்சு வண்டிகள் செய்யத் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனியார் 1950-களில் பெர்கின்ஸ் என்ஜின்களைச் செய்யலானார்கள். அவர்களைச் சார்ந்ததாய் 1960-ல் நிறுவப்பட்ட டாஃபே கம்பெனி மாஸி பெர்கூஸன் மாதிரிகளை, அவற்றுள் யாவரும் அறிந்த 1035-ஐயும், சென்னையில் செய்து வந்தது. ஆகையால் இங்குள்ள ஒரு பழைய வண்டிக்கு டிராக்டர்ப் புஸ்தகம் ஒரு கம்பெனியாருடையதும், என்ஜின் புஸ்தகம் மற்றொரு கம்பெனியாருடையதுமாக இரண்டு வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் கிடைத்ததைக் கொண்டு திருப்தியடையலாகாது. இங்கிலாந்தில் பழைய டிராக்டர்களைப் போற்றுவோருக்காக மறுபதிப்பாகும் புஸ்தகங்கள் படத்துக்கு உதவும். ஆனால் இந்தியாவில் செய்யப்பட்ட வண்டிக்கு இந்தியப் பதிப்பின் எண்களே பிரமாணம்.

புஸ்தகம் கைக்கு வந்தபின் முதலில் திறக்க வேண்டியது புஸ்தகத்தையன்று, டிராக்டரின் பெயர்த் தகட்டைத் துடைக்க வேண்டும். அதிலுள்ள மாதிரியின் பெயரையும் வரிசை எண்ணையும், பின்னர் என்ஜின் பிளாக்கில் குத்தப்பட்டிருக்கும் என்ஜின் எண்ணையும் தனித்தனியே எழுதிக்கொள்க. பல கை மாறிய வண்டியில் என்ஜின் வேறொரு வண்டியிலிருந்து வந்ததாயிருப்பது அபூர்வமன்று. அட்டவணையில் சில பாகங்களுக்கு எதிரே "இன்ன வரிசை எண் வரையில்" என்று ஓர் எண்ணும், "இன்ன எண் முதல்" என்று மற்றோர் எண்ணும் காணப்படும். கம்பெனியார் நடுவில் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள் என்பது இதன் பொருள். அந்த வரியை வாசியாமல் விட்டவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். இடது, வலது என்று புஸ்தகம் சொல்வது ஓட்டுபவர் ஆசனத்தில் அமர்ந்து முன்னோக்கிப் பார்க்கும்போது உள்ள இடது, வலதாகும். வண்டிக்கு எதிரே நின்று பார்ப்பவருக்கு அது மாறித் தோன்றும்.

என்ஜின் வேலையில் எண்ணின் அருமை இன்னும் நன்றாக விளங்கும். பெர்கின்ஸ் ஏ3.152 என்ற பெயரிலேயே மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது சுமார் இரண்டரை லிட்டர் என்னும் விவரம் அடங்கியிருக்கிறது. அதன் கிராங்கைப் பட்டறையில் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு, லேத்துக்காரர் மொழியில் "பத்துத் தௌ", சாணை பிடித்துக் குறைத்தால், அதற்கேற்ற பேரிங் வேறு எண்ணுடையது. இருபது தௌ குறைத்தால் அது வேறு எண். ஆகவே கிராங்க் எவ்வளவு குறைக்கப்பட்டதென்று பட்டறைக்காரரிடம் ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். அதே என்ஜினில் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், சூட்டில் 0.010. இன்று கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜில் மில்லிமீட்டர் மட்டும் இருக்குமாயின், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் 0.30, 0.25 என்று கொள்ளலாம்.

அளவு முறை மாறியதனால் நேரும் தொல்லைகள் இன்னும் உண்டு. இந்தியாவில் தசாம்ச முறை 1956-ம் வருஷத்துச் சட்டத்தால் வந்து 1962-க்குள் எங்கும் நிலைபெற்றது. ஆங்கிலேய டிராக்டரோ அங்குல நட்டும் போல்ட்டும் உடையது. 5/16 அங்குல போல்ட்டின் பருமன் 7.94 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அதுவேதான். ஆனால் மரையின் நெருக்கம் வேறு. இரண்டொரு சுற்று இணக்கமாய் ஏறும், பிறகு இறுகும், ஸ்பேனருக்கு நீளக் குழாயைச் சொருகி முடுக்கினால் வார்ப்பிரும்பிலுள்ள மரை முழுவதும் அழியும். ஒரு போல்ட்டின் விலையை மிச்சம் பிடிக்கப்போய் கேஸிங்கை இழப்பது இவ்விதமே. காலன் என்ற சொல்லும் ஏமாற்றும். ஆங்கிலேயக் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785. புஸ்தகம் எந்த நாட்டில் அச்சிடப்பட்டது என்று பாராமல் எண்ணெய் ஊற்றினால் அளவு மிகும் அல்லது குறையும்.

பேரிங் விஷயத்தில் மாத்திரம் புஸ்தகம் இல்லாதவர்க்கும் ஒரு சௌகரியம் உண்டு. உருளும் பேரிங்குகளின் எண் பெரும்பாலும் உலகப் பொதுவானது. வளையத்தின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, தடிப்பு 15. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும். 04 முதல் மேற்பட்டவற்றுக்கு இக்கணக்குப் பொருந்தும். கம்பெனி எண்ணுக்குரிய பேரிங் கிடைக்காதபோது இந்த எண்ணைச் சொல்லித் தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ எந்த பேரிங் கடையிலும் கேட்கலாம்.

கடற்கரை ஊர்களுக்கென்று சில வார்த்தைகள். ஆங்கிலப் புஸ்தகங்கள் பனிக்கட்டிக்கு அஞ்சுபவை. குளிர்காலத்தில் ரேடியேட்டர் நீரை வடித்துவிடும்படி பக்கம் பக்கமாய்ச் சொல்லும். இங்கே நீர் உறைவதில்லை, உப்பே சத்துரு. கிணற்றின் உவர்நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் என்ஜினின் நீர்வழிகளில் சுண்ணம் படிந்து சூடு வெளியேறாமல் தடைப்படும். மழைநீரோ சுத்திகரித்த நீரோ உத்தமம். கூலண்ட் கலந்தால் துரு தடைப்படும். சூடு அதிகம் என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இப்பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வியாதியாகவே பரவியிருக்கிறது. என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் சிலிண்டர் விரைவில் தேயும், எண்ணெய் கசடாகும். சூடு ஏறுவதற்குக் காரணம் சுண்ணமா, பெல்ட்டா, அடைபட்ட ரேடியேட்டரா என்று பார்ப்பதே முறை. உப்பளத்தில் டிரெய்லர் இழுத்துத் திரும்பும் வண்டியை அன்றன்றே நன்னீரால் கழுவிக் கிரீஸ் இட வேண்டும். ஸ்டியரிங் மூட்டுகளின் ரப்பர் உறை, கிரீஸ் நிப்பிளின் மூடி, அச்சுத் தூசிக்காப்பு ஆகிய அற்ப சாமான்களுக்கும் பாகப் புஸ்தகத்தில் எண் உண்டு. அவை இல்லாத இடத்தில் உப்பு நேரே இரும்பைத் தின்கிறது. தேரி மணலிலும் கரிசல் தூசியிலும் ஓடும் வண்டிக்கு எண்ணெய்த் தொட்டி வடிகட்டியை நாள்தோறும் பார்க்க வேண்டும்.

செய்தவரே இல்லாமற் போன வண்டிகளுக்குப் புஸ்தகத்தின் அவசியம் இன்னும் அதிகம். ஹெச்.எம்.டி. ஸ்தாபனத்தார் செக்கோஸ்லொவேகிய நாட்டு ஜீட்டர் கம்பெனியாரின் உதவியுடன் 1971 முதல் பிஞ்சோரில் டிராக்டர்கள் செய்து வந்தனர். அந்தப் பிரிவை மூடும்படி மத்திய மந்திரி சபை 2016-ல் முடிவு செய்தது. டிராக்டர்களோ இன்னமும் வயல்களில் இருக்கின்றன. லூதியானா முதலிய ஊர்களின் சிறு தொழிற்சாலைகளில் பாகங்கள் கிடைக்கக் கூடும். ஆனால் தூரத்திலுள்ள அக்கடைக்காரருக்கு எண்ணைத் தவிர வேறு எந்தப் பாஷையில் தேவையை விளங்க வைப்பது?

புதிய டிராக்டர்களில் கம்ப்யூட்டர் புகுந்தபின், கம்பெனியாரின் அனுமதியின்றி ரிப்பேர் செய்ய இயலாத நிலை அமெரிக்காவில் பெரு வழக்காயிற்று. கொலராடோ மாகாணத்தில் 2023-ல் நிறைவேறி 2024 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டம், விவசாய யந்திரங்களின் புஸ்தகங்களையும் பாகங்களையும் கருவிகளையும் குடியானவருக்கு அளிக்கும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துகிறது. இந்திய சர்க்கார் 2022-ல் இவ்விஷயத்துக்கு ஒரு கமிட்டி நியமித்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளுள் விவசாயக் கருவிகளும் ஒன்று. பழைய டிராக்டருக்கு இவ்வழக்கு எதுவும் இல்லை. ஸ்பேனரும் புஸ்தகமும் போதும்.

சங்கங்கள் செய்யக்கூடியது அதிகச் செலவுள்ள காரியமன்று. வாடகைக்கு யந்திரம் வைத்திருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களானாலும், அங்கத்தினர் சொந்தமாய் டிராக்டர் வைத்திருக்கும் ஊர்களானாலும், ஒரே மாதிரி வண்டியுள்ள இரண்டு மூன்று கிராமங்கள் கூடி ஒரு புஸ்தகம் வாங்கலாம். மூலப் பிரதி சங்கத்து அலமாரியில் இருக்கட்டும். படியெடுத்தது பட்டறைக்குப் போகட்டும். எண்ணெய்க் கையோடு மூலத்தைப் புரட்டினால் ஒரு பருவத்துக்கு மேல் அது நிலையாது. இங்கிலீஷ் பெயர்களுக்கு எதிரே, மெக்கானிக் வாயால் வழங்கும் பெயரை மேல்வகுப்பில் வாசிக்கும் பிள்ளை ஒருவரைக் கொண்டு தமிழில் எழுதி வைப்பது நல்லது. புஸ்தகத்தில் "லைனர்" என்றிருப்பதைப் பட்டறையில் "ஸ்லீவ்" என்பார்கள். "கேஸ்கெட்" "பாக்கிங்" ஆகிவிடும். இவ்விரண்டையும் இணைக்கும் அந்தக் குறிப்பு வயதான மெக்கானிக்கின் ஞாபகத்தையும் ஒருவாறு காகிதத்தில் ஏற்றிவிடும். தவிர, ஒரு பதிவேடு: எந்தத் தேதியில், மணிக்கணக்குக் கருவி எத்தனை மணி காட்டியபோது, எந்த எண்ணுள்ள பாகம், எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கிப் பூட்டப்பட்டது என்று. கடைக்காரர் பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் சொன்னால் அதையும் புஸ்தகத்தின் ஓரத்தில் குறித்துவிட வேண்டும். இதை ஆடி மாதத்தில் செய்து, தேவையான பாகங்களுக்கு அப்பொழுதே எழுதினால் புரட்டாசிக்கு முன் வந்து சேரும்.

பழைய புஸ்தகம் சொல்வது யாவும் வேதமன்று. அக்காலத்துப் பிரேக் லைனிங்குகளிலும் பாக்கிங்குகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் தூசி சுவாசத்தில் கலந்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும் என்பது இன்று தெளிவாயிருக்கிறது. ஆதலால் பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாகாது. ஈரத்துணியால் துடைத்துத் துணியை அகற்றுக. பாகங்களைப் பெட்ரோலில் கழுவும் பழைய வழக்கமும் வேண்டாம். தீ விபத்துக்கு அது அழைப்பு. எண்ணெய்களின் வியாபாரப் பெயர்களில் பல மறைந்துவிட்டன, எஸ்.ஏ.இ. என்ற பாகு எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் புஸ்தகம் சரி, வழக்கம் தவறு. டிராக்டரின் பின்புறத்துப் பி.டி.ஓ. தண்டின் மேல் வரும் கவசத்தைப் பாகப் புஸ்தகம் தனி எண்ணோடு காட்டுகிறது. கதிரடிக்கும் யந்திரம் பூட்டச் சௌகரியமில்லை என்று அதைக் கழற்றி எறிந்த வண்டிகளே அதிகமாகக் கண்ணில் படுகின்றன. அத்தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது முறை சுழல்வது. களத்தில் குனிந்து வேலை செய்யும் பெண்ணின் சேலை முந்தானையோ, ஆணின் வேஷ்டித் தலைப்போ அதில் சுற்றிக்கொண்டால் கூப்பிடுவதற்குள் காரியம் முடிந்துவிடும். அக்கவசத்துக்கு எழுதும்போது தண்டின் அளவையும் சேர்த்து எழுதுக: டிஇ-20 போன்ற மிகப் பழைய பெர்கூஸன் வண்டியில் அது 1⅛ அங்குலம், பிற்காலத்து 540 சுற்றுத் தண்டுகளில் 1⅜ அங்குலம், ஆறு பற்கள்.